உள்ளிருக்கும் அக்கினியும் ஒரு துண்டு இஞ்சியும்

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத்துக்குச் செல்லும் மலைப்பாதையில் பயணம் செய்த அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பேருந்து தேவப்பிரயாகையைக் கடந்ததும் வளைவுகள் கூடுகின்றன. ஒருபுறம் பாறை, மறுபுறம் வெகு ஆழத்தில் அலகநந்தா. அதுவரை உரத்த குரலில் நாமாவளி பாடிக்கொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் மௌனமாகி, முகம் வெளுத்து, ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொள்கிறார்கள். அப்போது யாராவது ஒரு மூதாட்டி தம் துணிப்பையிலிருந்து சிறு டப்பா ஒன்றை எடுக்கிறார். உள்ளே உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து வெயிலில் உலர்த்திய இஞ்சித் துண்டுகள். டப்பா கைமாறிக் கைமாறிப் பேருந்தின் கடைசி இருக்கை வரை செல்கிறது. அது என்ன என்று எவரும் கேட்பதில்லை. வங்காளி அதனை 'ஆதா' என்கிறார். ஹிந்தி பேசுபவர் 'அத்ரக்' என்கிறார். தெலுங்கர் 'அல்லம்' என்கிறார். கன்னடர் 'சுண்டி' என்கிறார். தமிழருக்கும் மலையாளிக்கும் அது இஞ்சி. பெயர்கள் பல, வாயில் இட்டுக்கொண்டபின் முகத்தில் தோன்றும் தெளிவு ஒன்றே.

அந்த மூதாட்டி செய்தது வெறும் பாட்டி வைத்தியம் அன்று. இஞ்சியின் மருத்துவப் பயன்களுள் இக்கால ஆய்வுகளால் மிக உறுதியாக நிலைநாட்டப்பட்டது எது என்று கேட்டால், குமட்டலை அடக்கும் அதன் ஆற்றலே என்று தயங்காமல் கூறலாம். அதனைப் பின்னர்ப் பார்ப்போம். அதற்கு முன், இஞ்சியைப் பற்றி இப்போது இத்தனை விரிவாக எழுதவேண்டிய அவசியம் என்ன என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

எமக்கு நன்கு அறிமுகமான முதிய அன்பர் ஒருவர் இருக்கிறார். இதய அறுவை சிகிச்சைக்குப் பின், இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையைப் பல ஆண்டுகளாக உட்கொண்டு வருபவர். இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, தேன் ஆகியவற்றைக் காய்ச்சி வைத்துக்கொண்டு வெறும் வயிற்றில் அருந்தினால் இதயக் குழாய் அடைப்புகள் யாவும் கரைந்துவிடும் என்ற செய்தி அவருடைய கைபேசிக்கு வந்தது. இச்செய்தி நம்மில் பலருக்கும் வந்திருக்கும். அவர் அதனை நம்பி நாள்தோறும் அருந்தத் தொடங்கினார். சில வாரங்களில் பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிந்தது. பிறகு காரணமின்றிக் கையில் கருநீலத் தடங்கள் தோன்றின. பரிசோதனையில் இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்திருப்பது தெரியவந்தது. இஞ்சிதான் அதற்குக் காரணமா, பூண்டா, அல்லது வேறு ஏதேனுமா என்று பிரித்துச் சொல்ல மருத்துவரால் இயலவில்லை. "இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?" என்று மட்டும் அவர் கேட்டார். அன்பர் அளித்த விடை: "இது மருந்தா என்ன? சமையலறைப் பொருள்தானே!"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் இடர் இருக்கிறது. இஞ்சி சமையலறைப் பொருள். அதே சமயம் அது மருந்தும் ஆகும். மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு, ஏற்றவர் ஏலாதவர் என்ற பாகுபாடும் உண்டு.

நம் நூல்கள் இதை அறிந்தே பேசின. சுக்குக்கு வடமொழியில் 'விசுவபேஷஜம்' என்று ஒரு பெயர் வழங்குகிறது. அனைத்துக்குமான மருந்து என்பது பொருள். 'மஹௌஷதம்' என்பது இன்னொரு பெயர். தமிழ்நாட்டிலோ, சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய தெய்வமில்லை என்று பழமொழியே இருக்கிறது. இத்தகைய புகழுரைகளை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதே நாம் செய்யும் பிழை. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவமிச்ரர் இயற்றிய 'பாவபிரகாசம்' என்னும் ஆயுர்வேத நூல், உணவுக்கு முன் உப்புடன் சேர்த்து ஒரு துண்டு இஞ்சியை உண்பது எப்போதும் நன்மை தரும் என்று கூறுகிறது. அது பசித்தீயைத் தூண்டும், சுவையின்மையைப் போக்கும், நாவையும் தொண்டையையும் தூய்மைப்படுத்தும் என்கிறது. இப்பகுதியை மேற்கோள் காட்டாத வைத்தியர் இல்லை. ஆனால் அதே நூல் அதே இடத்தில், பச்சை இஞ்சி எவருக்கு ஆகாது என்றும் கூறுகிறது: தோல் நோய், இரத்தசோகை, நீர்க்கடுப்பு, உடலின் துவாரங்கள் வழியே இரத்தம் கசியும் இரத்தபித்தம், புண், காய்ச்சல், உடல் எரிச்சல் ஆகியவை உள்ளவர்களுக்கும், கோடைக்காலத்திலும் சரத்காலத்திலும் அது உகந்ததன்று. இரத்தம் கசியும் நிலையில் இஞ்சியை விலக்குக என்ற அந்த எச்சரிக்கையை, மேலே சொன்ன முதியவரின் கதையோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அக்கினி என்பது யாது?

ஆயுர்வேதம் இஞ்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அக்கினியைப் பற்றியே பேசுகிறது. சரக சம்ஹிதை மூலிகைகளைப் பத்துப் பத்தாக ஐம்பது தொகுதிகளாக வகுக்கிறது. அவற்றுள் 'தீபனீயம்', அதாவது பசித்தீயைச் சுடர்விடச் செய்வன என்ற தொகுதியில் இஞ்சி இடம்பெறுகிறது. உண்ட உணவைச் சமைத்து உடலோடு ஒன்றாக்கும் சக்திக்கே அக்கினி என்று பெயர். கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் பகவான், உயிர்களின் உடலில் வைசுவாநர அக்கினியாகத் தாமே இருந்து, பிராணனோடும் அபானனோடும் கூடி நால்வகை உணவையும் செரிக்கச் செய்வதாக அருளுகிறார். நம் ஆசிரமங்களில் உணவுக்கு முன் பிரார்த்தனை செய்வதன் உட்பொருளும் இதுவே: உண்பது ஒரு வேள்வி, வயிறு ஒரு குண்டம்.

வேள்விக்குண்டத்தை ஓம்பத் தெரிந்தவர்களுக்கு ஒன்று விளங்கும். தீ மங்கினால் விசிறவேண்டும். தீ கொழுந்துவிட்டு எரியும்போது விசிறினால் பந்தலே எரிந்துபோகும். வைத்திய நூல்கள் அக்கினியை நான்காக வகுப்பது இதனால்தான். செரிமானம் சீராக இருப்பது ஸமாக்கினி. ஒருநாள் நன்றாகவும் மறுநாள் உப்புசமாகவும் மாறிமாறி வருவது விஷமாக்கினி; இது வாதத்தின் செயல். உண்டது விரைவில் எரிந்து, அடிக்கடி பசித்து, நெஞ்சும் தொண்டையும் எரிவது தீக்ஷ்ணாக்கினி, இது பித்தம். சிறிதளவு உண்டாலும் வயிறு கனத்து, உடல் சோர்ந்து, நாவில் வெண்மாசு படிவது மந்தாக்கினி; இது கபம்.

இஞ்சியின் இடம் மந்தாக்கினியில்தான். விஷமாக்கினியில் உப்புடனோ நெய்யுடனோ சேர்ந்து அது உதவும். தீக்ஷ்ணாக்கினி உள்ளவருக்கு அது எரியும் தீயில் வார்க்கும் எண்ணெய். நாள்தோறும் நெஞ்செரிச்சலுக்காக மாத்திரை விழுங்குகிற ஒருவர், 'இயற்கை மருந்து' என்று கேள்விப்பட்டு அதிகாலையில் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு அருந்துவதை நாம் இன்றும் காண்கிறோம். எந்த வைத்தியமும் அதற்கு இடம் தரவில்லை.

இதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் துளசி, லவங்கப்பட்டை, சுக்கு, மிளகு ஆகியவற்றால் ஆன கஷாயத்தை நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ அருந்துமாறு பரிந்துரைத்தது. துளசி நான்கு பங்கு, பட்டையும் சுக்கும் இரண்டிரண்டு பங்கு, மிளகு ஒரு பங்கு என்று விகிதமும் கூறப்பட்டிருந்தது. நடந்தது என்ன? பல இல்லங்களில் விகிதம் மறந்துபோயிற்று. காலை, நண்பகல், மாலை, இரவு என்று குடம் குடமாகக் கஷாயம் காய்ந்தது. வாய்ப்புண்ணும் வயிற்றெரிச்சலும் வந்தபின், கஷாயத்தையே பழித்தவர்கள் உண்டு. பழி எதற்கு உரியது என்பதை அன்பர்களே தீர்மானிக்கலாம்.

பச்சையும் உலர்ந்ததும்

இஞ்சியை வேர் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் அது மண்ணுக்குள் கிடைமட்டமாக வளரும் தண்டு. மட்டநிலத்தண்டு என்பது தாவரவியலார் வழங்கும் பெயர். மஞ்சளும் ஏலக்காயும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் வடமொழிப் பெயர்களுள் ஒன்றான 'சிருங்கவேரம்' என்பதற்குக் கொம்பு போன்ற உடலுடையது என்று பொருள் கூறுவர். கிரேக்கர் வழங்கிய 'சிங்கிபெரிஸ்' முதல் இன்றைய 'ஜிஞ்சர்' வரை யாவும் அந்தச் சொல்லின் வழியில் வந்தவை. அந்தச் சொல்லுக்கே மூலம் தென்னாட்டு 'இஞ்சி' என்று கருதும் மொழியியலாளரும் உண்டு.

பச்சையாக உள்ளதை 'ஆர்த்ரகம்', அதாவது ஈரமுள்ளது என்றும், உலர்ந்ததைச் 'சுண்டி', 'நாகரம்' என்றும் நூல்கள் தனித்தனியே பெயரிட்டு, தனித்தனியே குணம் கூறின. பச்சை இஞ்சி செரிப்பதற்குக் கனமானது, வறட்சி தருவது. சுக்கு இலேசானது, நெய்ப்புத் தன்மை உடையது என்பது பாவபிரகாசத்தின் முடிவு. ஒரே பொருளுக்கு உலர்ந்ததனால் மட்டும் இத்தனை வேறுபாடு வருமா என்று ஒரு காலத்தில் யாமும் ஐயுற்றதுண்டு. இரசாயனம் அந்த ஐயத்தைப் போக்குகிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் 'ஜிஞ்சரால்' என்னும் பொருள். இஞ்சி உலரும்போது ஜிஞ்சரால் தன்னிடமிருந்து நீரின் கூறு ஒன்றை இழந்து 'ஷோகால்' என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. (ஷோகா என்பது இஞ்சிக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர்.) ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைவிட ஏறத்தாழ இருமடங்கு. இஞ்சியை நீண்ட நேரம் வேகவைக்கும்போதோ ஜிஞ்சராலின் ஒரு பகுதி 'ஜிஞ்சரோன்' என்னும் மென்மையான, சற்றே இனிய மணமுள்ள பொருளாகிறது. ஆகவே துவையலில் உள்ள இஞ்சியும், சுக்குக் கஷாயமும், பாயசத்தில் வெந்த இஞ்சியும் ஒரே மருந்தல்ல.

இதனால் நடைமுறையில் விளையும் வேறுபாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் பச்சை இஞ்சியை விலக்கச் சொன்ன அதே வைத்திய மரபு, காய்ச்சலில் தோன்றும் தாகத்துக்கு 'ஷடங்க பானீயம்' என்ற நீரைக் கொடுக்கச் சொல்கிறது. அதிலுள்ள ஆறு சரக்குகளுள் ஒன்று சுக்கு. முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் கோரைக்கிழங்கு, பர்ப்பாடகம், விலாமிச்சை, சந்தனம், வெட்டிவேர் வகை ஆகிய ஐந்து குளிர்ச்சிப் பொருள்களின் நடுவே ஒரே ஒரு சுக்கு அங்கு அமர்ந்திருக்கிறது. காய்ச்சலில் மங்கிப்போன பசித்தீ அணைந்துவிடாமல் காப்பது மட்டுமே அதன் பணி. துணை எது என்பதைப் பொறுத்து மருந்தின் நடத்தையும் மாறுகிறது.

குமட்டலும் பிறவும்

இனி, தொடக்கத்தில் சொன்ன மலைப்பாதைக்கு வருவோம். 1982-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பயணக் குமட்டலுக்கு ஆட்படக்கூடிய 36 பேரைச் சுழலும் நாற்காலியில் அமர்த்திச் சோதித்தபோது, ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான சுக்குப் பொடியை உட்கொண்டவர்கள், வழக்கமான குமட்டல் மாத்திரையை உட்கொண்டவர்களைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தனர். 1988-இல் டென்மார்க்கில் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரிடம் நடுக்கடலில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு கிராம் இஞ்சிப் பொடி வாந்தியையும் குளிர்ந்த வியர்வையையும் குறைத்தது. பயண நோயைப் பற்றிய பிற ஆய்வுகள் யாவும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் கூறவேண்டும். எனினும் தீங்கற்றதும் கையருகே உள்ளதுமான ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே உட்கொள்வது நல்லது. குமட்டல் முற்றியபின் எதுவும் எளிதில் உள்ளே தங்குவதில்லை.

கருவுற்ற தாய்மார்களின் மசக்கைக் குமட்டலில் சான்று இன்னும் வலுவாக உள்ளது. நாளொன்றுக்கு மொத்தம் ஒரு கிராம் சுக்குப் பொடியை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்த ஆய்வுகளில் குமட்டல் குறைந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பும் மருந்தில்லா வழிகளுள் ஒன்றாக இஞ்சியைக் குறிப்பிடுகிறது. ஆயினும் தாய்மார்கள் தம் மருத்துவரிடம் கூறிவிட்டே இதைச் செய்யவேண்டும். பேறுகாலம் நெருங்கும்போது மிகுதியாக உட்கொள்ளலாகாது. நீர்கூட வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தி இருப்பின் இஞ்சியை நம்பிக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

எமது உள்ளத்தை மிகவும் கவர்ந்தது 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு. புற்றுநோய்க்கு வேதிச் சிகிச்சை பெறும் 576 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டது. அனைவருக்கும் வாந்தியைத் தடுக்கும் வழக்கமான மருந்து கொடுக்கப்பட்டது. அதனுடன் சிலருக்கு நாளொன்றுக்கு அரை கிராம் இஞ்சி, சிலருக்கு ஒரு கிராம், சிலருக்கு ஒன்றரை கிராம், மீதிப்பேருக்கு வெறும் போலி உறை. சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பிருந்தே தொடங்கி ஆறு நாள் கொடுத்தனர். இஞ்சி பெற்றவர்களுக்குச் சிகிச்சை நாளன்று குமட்டல் குறைந்தது. எவருக்கு மிகுதியாகக் குறைந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது: அரை கிராமும் ஒரு கிராமும் பெற்றவர்களுக்கு. ஒன்றரை கிராம் அவற்றை மிஞ்சவில்லை. கூடக் கொடுத்தால் கூடப் பயன் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. இந்த ஆய்வில் இஞ்சி புற்றுநோயைக் குணப்படுத்தவில்லை. குணப்படுத்தும் என்று எவரும் கூறவுமில்லை. சிகிச்சையைத் தாங்கிக்கொள்ள அது துணைநின்றது. மருந்துடன் சேர்ந்து நின்றதே தவிர, மருந்தின் இடத்தில் நிற்கவில்லை. 'இஞ்சி இருக்க மருத்துவமனை எதற்கு' என்று பேசுவோருக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இஞ்சி எவ்வாறு குமட்டலை அடக்குகிறது? அது இரைப்பையின் அசைவைத் தூண்டி உணவை முன்னோக்கிச் செலுத்துகிறது. 2008-இல் தைவானில் 24 நலமான மனிதர்களுக்கு 1.2 கிராம் இஞ்சியும், ஒரு மணி நேரம் கழித்து அரை லிட்டர் சூப்பும் கொடுத்துப் பார்த்தனர். இரைப்பையிலிருந்து பாதி சூப் வெளியேற இஞ்சியில்லாமல் சுமார் 27 நிமிடம் ஆயிற்று. இஞ்சியுடன் சுமார் 13 நிமிடம். குமட்டல் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் செரோடோனின் வழியையும் இஞ்சியின் காரப்பொருள்கள் ஓரளவு மறிக்கின்றன. மந்தாக்கினி என்று நம்மவர் சொன்னது, தேங்கி நிற்கும் இந்த இரைப்பையை எவ்வளவு ஒத்திருக்கிறது!

வலியைப் பொறுத்தவரை பயன் உண்டு; ஆனால் மிதமானது. முழங்கால் தேய்மானம் உள்ள 261 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், இஞ்சிச் சாரம் வலியை ஓரளவு குறைத்தது. கூடவே சிலருக்கு வயிற்று உபாதையும் தந்தது. மாதவிலக்கு வலியில், 2009-இல் வெளிவந்த ஈரானிய ஆய்வு ஒன்றில், 150 மாணவியருள் சுக்குப் பொடி பெற்றவர்களுக்கு வழக்கமான வலி மாத்திரைகளுக்கு இணையான நிவாரணம் கிடைத்தது. சளி, தொண்டைக் கட்டு ஆகியவற்றில் சுக்கு நீரின் வெம்மையும் காரமும் இதம் தருகின்றன என்பதை அனைவரும் அனுபவத்தில் அறிவோம். இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு இஞ்சியை நாடும் அளவுக்கு அவற்றில் வலு இல்லை.

உட்கொள்ளும் முறை

நாளொன்றுக்கு ஒரு கிராம் சுக்குப் பொடி, அதாவது அரைத் தேக்கரண்டி, பெரும்பாலான நலமான பெரியவர்களுக்குப் போதுமானது. பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு நீரே என்பதால், கட்டைவிரல் நுனியளவு துண்டு இதற்கு ஈடாகும். சமையலில் சேரும் இஞ்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மருந்தாக உட்கொள்வதைப் பற்றித்தான் இத்தனை பேச்சும்.

சாறு எடுப்பவர்கள் தோலைச் சீவி, நசுக்கிப் பிழிந்து, கால்மணி நேரம் அசையாமல் வைக்கவேண்டும். அடியில் வெண்மையாகப் படிவதை நீக்கி, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்வது மரபு. அப்படிவு நஞ்சு என்று சிலர் அஞ்சுவர். அது பெரும்பாலும் மாவுச்சத்தே. எனினும் தெளிவு மட்டும் எடுத்தால் வயிற்றுக்கு இலேசாக இருக்கும். ஒரு தேக்கரண்டிச் சாறும் ஒரு தேக்கரண்டித் தேனும் வெதுவெதுப்பான நீரில் கலந்து, வெறும் வயிற்றில் அல்லாமல், உணவுக்குச் சற்று முன்பாக அருந்தலாம். உணவுக்கு முன் உப்புடன் மெல்லும் துண்டு இன்னும் எளியது. அம்முறைக்குப் பாத்திரமும் வேண்டியதில்லை.

சுக்கு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடைகளில் வெண்மையாகக் காணப்படும் சுக்கு பெரும்பாலும் சுண்ணாம்பு நீரில் தோய்த்து உலர்த்தப்பட்டது. பூச்சிபிடிக்காமல் இருப்பதற்கும் பார்வைக்கு அழகாக இருப்பதற்கும் வணிகர் கையாளும் முறை இது. சுக்கின் மேல்தோலைச் சீவியே பயன்படுத்த வேண்டும் என்று நம் பெரியோர் விதித்ததை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். ஏலமும் சீரகமும் கூடினால் சித்த மருத்துவத்தின் பஞ்ச தீபாக்கினிச் சூரணம். பெயரிலேயே தீபமும் அக்கினியும் இருக்கின்றன.

ஏகாதசி உபவாசம் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். உபவாசத்தைவிட, மறுநாள் பாரணையில்தான் பலருக்கு உடல் கெடுகிறது. ஒருநாள் ஓய்ந்திருந்த அக்கினியின்மேல் பச்சை விறகைக் குவிப்பதுபோல விருந்தைக் குவிக்கிறோம். அன்று காலையில் சுக்கும் சீரகமும் இட்டுக் காய்ச்சிய நீரைச் சிறிது அருந்திவிட்டு, அரைமணி நேரம் கழித்து மென்மையான உணவை அரைவயிறு உண்டால், பிற்பகல் ஜபத்தில் உறக்கம் வராது. அதிகமாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுவதை நாம் பாராயணத்தில் மட்டும் வைத்திருக்கிறோம்.

காரம் மிகுந்த உணவை ராஜஸம் என்று கீதை சொல்கிறதே, சாதகர் இஞ்சியை உண்ணலாமா என்று இளம் அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. பதினேழாம் அத்தியாயம் விலக்குவது அளவு கடந்த காரத்தையும் அளவு கடந்த உஷ்ணத்தையும். வெங்காயமும் பூண்டும் நுழையாத ஆலய மடைப்பள்ளிகளில் இஞ்சி தடையின்றி நுழைகிறது. புரி ஜகந்நாதரின் மகாபிரசாதத்தில் இஞ்சி உண்டு. ஸ்ரீராமநவமியன்று நாடெங்கும் வெல்லமும் சுக்கும் ஏலமும் கலந்த பானகம் நிவேதனமாகிறது. ஆந்திரத்தின் மங்களகிரியில் நரசிம்மப் பெருமாளுக்கு ஆண்டு முழுவதுமே பானகம்தான். சித்திரை வெயிலில் சுக்கா என்று வியக்க வேண்டாம். ஒரு குடம் பானகத்தில் சேரும் சுக்கு ஒரு சிட்டிகை. அங்கே அதன் துணை வெல்லமும் குளிர்ந்த நீரும். சரகரே சுக்கைத் தாகம் தணிக்கும் தொகுதியிலும் வைத்திருக்கிறார்.

பின்வருவோர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் இஞ்சியை மருந்தாக உட்கொள்ளலாகாது: இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்வோர், இரைப்பைப் புண்ணோ கடும் நெஞ்செரிச்சலோ உள்ளோர், பித்தப்பையில் கல் உள்ளோர், சில நாள்களில் அறுவை சிகிச்சைக்குச் செல்ல இருப்போர், சர்க்கரைக்கு மருந்து உட்கொள்வோர். மருத்துவரிடம் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டும்போது கஷாயம், லேகியம், சாறு ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நம் முதிய அன்பர் இப்போது இரசத்தில் தட்டிப்போட்ட இஞ்சியோடு நிறுத்திக்கொண்டுவிட்டார். இரத்தப் பரிசோதனையும் தவறாமல் நடக்கிறது.

இடவசதி உள்ளவர்கள் வீட்டிலேயே இஞ்சி வளர்க்கலாம். அகன்ற தொட்டியில் மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணை நிரப்பி, ஒன்றிரண்டு முளைக்கண்கள் உள்ள இருபது கிராம் துண்டைச் சித்திரை வைகாசியில் கோடைமழையை ஒட்டி ஊன்றவேண்டும். அரைநிழல் போதும். நீர் தேங்கலாகாது, தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆறாம் மாதம் முதல் இளம் இஞ்சியாக எடுக்கலாம். எட்டாம் மாதத்துக்கு மேல் இலைகள் மஞ்சளாகிச் சாயும்போது தோண்டினால் முற்றிய இஞ்சி கிடைக்கும். சுக்குக்கு உரியது அதுவே. இஞ்சி காட்டில் தானாக வளர்ந்து எவரும் கண்டதில்லை. அது விதையும் ஈவதில்லை. ஒருவர் கிழங்கைப் பாதுகாத்து மீண்டும் நட்டதனால்தான் அது இன்று வரை வந்திருக்கிறது. ஆகவே தோண்டியதில் நல்ல துண்டுகள் இரண்டை மணலில் புதைத்து, அடுத்த சித்திரைக்கு எடுத்து வையுங்கள்.